பேரிடர் நாட்களில் சமூக ஊடகம்

வெள்ளமோ புயலோ நிலநடுக்கமோ ஓர் ஊரைத் தாக்கும்போது, பாதிப்பு எவ்வளவு என்பது முதலில் தெரிவது அந்த ஊர்க்காரர்களுக்குத்தான். அரசு அலுவலகத்துக்கும் செய்தி நிறுவனத்துக்கும் அந்தத் தகவல் போய்ச் சேர ஒரு காலத்தில் மணிக்கணக்கில், சில இடங்களில் நாள்கணக்கில் ஆனது. இன்று இடுப்பளவு தண்ணீரில் நிற்பவரே படம் எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு, உதவி கேட்டு எழுதிவிடுகிறார். படிப்பவர் அடுத்த தெருவில் இருக்கலாம், கடல் கடந்தும் இருக்கலாம். ஏதாவது செய்ய வேண்டுமே என்ற தவிப்பு எல்லோருக்கும் வருகிறது. அந்தத் தவிப்பு ஓர் உயிரைக் காப்பாற்றுவதும் உண்டு, மீட்புக்குப் போகிறவர்களின் நேரத்தைத் தின்றுவிடுவதும் உண்டு. இந்த வேறுபாடு எதனால் வருகிறது என்பதைச் சென்னையிலிருந்து துருக்கி வரை நிகழ்ந்த பல பேரிடர்கள் காட்டியிருக்கின்றன.

தமிழ்நாட்டில் இது பெரிய அளவில் தெரியவந்தது 2015 டிசம்பரில். அந்த ஆண்டு நவம்பர் மாதத்தில் மட்டும் சென்னையில் 100 செ.மீ.க்கு மேல் மழை பெய்து ஏரிகள் நிரம்பிக் கிடந்தன. டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை மீறியதில் ஜாஃபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் வீடுகளின் தரைத்தளங்கள் மூழ்கின. விமான நிலையத்தின் ஓடுபாதை தண்ணீருக்குள் போய், டிசம்பர் 6 வரை நிலையம் மூடிக்கிடந்தது. 1878இல் தொடங்கிய ‘தி ஹிந்து’ நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று வெளிவரவில்லை. ஊழியர்களால் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. மின்சாரம் இல்லாததால் பல பகுதிகளில் தொலைக்காட்சியும் இல்லை.

அந்த வெற்றிடத்தில் ட்விட்டரும் முகநூலும் வாட்ஸ்அப்பும் வந்து நின்றன. சென்னை மழை, சென்னை வெள்ளம் என்ற ஹேஷ்டேக்குகளின் கீழ் உதவி கேட்டவர்களும் உதவத் தயாராக இருந்தவர்களும் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டு மாடியில் பத்துப் பேர் தங்கலாம், எந்தக் கல்யாண மண்டபம் திறந்திருக்கிறது, எங்கே படகு இருக்கிறது, எந்தச் சாலையில் இன்னும் வண்டி போகும் என்பதெல்லாம் அங்கே வந்துகொண்டிருந்தது. ஆனால் ஓடிக்கொண்டேயிருக்கும் பதிவுகளில் பத்து நிமிடத்துக்கு முந்தைய கூக்குரல் கீழே போய்விடும். ஆகவே சில தன்னார்வலர்கள் அவற்றை எடுத்து, யாரும் திறந்து பார்க்கக்கூடிய கூகுள் அட்டவணைகளில் வரிசைப்படுத்தத் தொடங்கினார்கள். பெயர், முகவரி, எத்தனை பேர், முதியவரோ குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கிறார்களா, கடைசியாகப் பேசிய நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தை அடிப்படையாக வைத்து, தண்ணீர் தேங்கிய சாலைகளை மக்களே குறிக்கும் வரைபடம் ஒன்றும் வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாலைகள் அதில் குறிக்கப்பட்டன.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு பதிவு பல்லாயிரம் பேரால் பகிரப்பட்டதுதான் பெரிய காரியமாகத் தோன்றும். உண்மையில் வேலை நடந்தது அந்த அட்டவணைகளுக்குப் பின்னால்தான். வெளியூரிலும் வெளிநாட்டிலும் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வோர் எண்ணாக அழைத்து, இன்னும் உதவி தேவையா என்று கேட்டு, தேவையில்லை என்றால் அந்த வரியை மூடினார்கள். தேவை என்றால் அந்தப் பகுதியில் படகோடு நின்றவர்களுக்கோ கட்டுப்பாட்டு அறைக்கோ சொன்னார்கள். பாராட்டு பெறாத, களைப்பூட்டும் வேலை இது. ஆனால் இது நடக்காத இடங்களில், காலையில் மீட்கப்பட்ட குடும்பத்துக்காக மாலையிலும் மறுநாளும் “அவசரம், பகிரவும்” என்று செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. அதை நம்பிப் போன படகு, உண்மையிலேயே காத்திருந்த ஒரு வீட்டைக் கடந்து போயிருக்கலாம்.

பொதுமக்கள் இணையத்தில் இப்படி ஒன்றுகூடுவது சென்னையில் பிறந்த வழக்கம் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது முகநூல் அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் மட்டும் இருந்தது, ட்விட்டர் பிறக்கவே இல்லை. அப்போதும் இந்தியாவிலிருந்த சில வலைப்பதிவர்கள் ஒரு பொது வலைப்பதிவைத் தொடங்கி, காணாமல்போனவர்கள் பற்றியும் நிவாரணம் பற்றியும் தகவல் திரட்டினார்கள். இலங்கைக் கடற்கரையிலிருந்து குறுஞ்செய்தியாக வந்த செய்திகளும் அதில் ஏறின. 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, 4636 என்ற எண்ணுக்கு மக்கள் குறுஞ்செய்தி அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது. அவை கிரியோல் மொழியில் இருந்தன, வந்திறங்கிய மீட்புக் குழுக்களுக்கோ அந்த மொழி தெரியாது. வெளிநாடுகளில் வாழும் ஹைட்டிக்காரர்கள் இணையத்தின் வழியே அவற்றை மொழிபெயர்த்து, இடத்தைக் கண்டுபிடித்து அனுப்பினார்கள். தலைநகர் போர்ட்டோ பிரின்ஸின் தெருக்களை அறிந்தவர்கள் அவர்கள். எந்தச் சந்து எங்கே முடிகிறது என்று எந்த வெளிநாட்டு நிபுணரையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்கை 9.0 அளவு நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, தொலைபேசி அழைப்புகள் நெரிசலில் சிக்கின. இணையம் பல இடங்களில் தாக்குப்பிடித்தது. காணாமல்போனவரைத் தேடும் கூகுளின் பதிவேட்டில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் சேர்ந்தன. முகாம்களில் சுவரில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியல்களை மக்கள் படமெடுத்து ஏற்ற, தன்னார்வலர்கள் அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். முகநூல் பின்னாளில் கொண்டுவந்த “நான் பாதுகாப்பாக இருக்கிறேன்” என்று குறிக்கும் வசதிக்கு வித்திட்டதும் இந்த நிலநடுக்கம்தான். அது 2014இல் அறிமுகமாகி, 2015 ஏப்ரலில் நேபாள நிலநடுக்கத்துக்கும் டிசம்பரில் சென்னைக்கும் திறக்கப்பட்டது. சிறிய வசதிதான். ஆனால் ஒருவர் ஒரு முறை அழுத்தினால் நூறு உறவினர்கள் அழைப்பது நிற்கிறது, கைபேசிக் கோபுரத்தின் மேல் உள்ள சுமையும் குறைகிறது.

செய்தி எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2011 ஆகஸ்ட் 23 அன்று விர்ஜீனியாவில் 5.8 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. நில அலைகள் விநாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். ஆகவே அதைப் பற்றிய ட்விட்டர் பதிவுகள் நியூயார்க்கில் சிலருக்கு அதிர்வு போய்ச் சேரும் முன்பே கிடைத்துவிட்டன.

உண்மை ஓடும் அதே பாதையில் பொய்யும் ஓடுகிறது. 2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, வெள்ளம் சூழ்ந்த தெருவில் சுறாமீன் நீந்துவது போன்ற போலிப் படங்கள் பரவின. பங்குச் சந்தைக் கட்டடத்துக்குள் மூன்றடித் தண்ணீர் நிற்பதாக ஒருவர் எழுதிய பொய்யைத் தொலைக்காட்சியும் எடுத்துச் சொன்னது. அந்தப் போலிப் படங்கள் பரவிய விதத்தை டெல்லியிலுள்ள இந்திரபிரஸ்தா தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். போலிப் படங்களைக் கொண்டிருந்த 10,350 பதிவுகளில் 86 விழுக்காடு, பிறர் எழுதியதை அப்படியே மறுபடி பகிர்ந்தவை. அந்த மறுபகிர்வுகளில் 90 விழுக்காட்டுக்கு முப்பது கணக்குகளே காரணம். பொய்யைப் படைப்பவர்கள் சிலர்தான்; அதை ஊரெங்கும் கொண்டுபோவது, கெட்ட எண்ணம் ஏதும் இல்லாத, கவலையோடு “பகிர்” என்பதைத் தட்டும் பொதுமக்கள்.

சென்னையிலும் அதுவே நடந்தது. அந்த மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்ற வாட்ஸ்அப் செய்தி, ஏற்கெனவே மிரண்டிருந்த குடும்பங்களை வீட்டைவிட்டு ஓட வைத்தது. இன்னும் பெரிய மழை வரப்போவதாக நாசா எச்சரித்திருக்கிறது என்றார்கள். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றார்கள். பண்ணை நிர்வாகம் மறுக்க வேண்டியதாயிற்று. இதை மக்களின் அறியாமை என்று ஒதுக்குவது சரியல்ல. ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எப்போது எவ்வளவு திறப்பார்கள், எந்தத் தெருவுக்கு அது வரும் என்ற விவரம் புரியும் மொழியில் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்ற குறை அப்போது பரவலாக இருந்தது. நம்பத்தக்க தகவல் வராத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழ்நாடு வெதர்மேன் என்ற பெயரில் எழுதிவந்த பிரதீப் ஜானின் முகநூல் பக்கத்தை அந்த நாட்களில் ஏராளமானோர் தேடிப் போனதற்கும் இதுவே காரணம். மேகம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதை அவர் எளிய சொற்களில், அடிக்கடி சொன்னார். அதிகாரபூர்வ அறிவிப்பு அந்த அளவுக்கு எளிமையாகவும் அடுத்தடுத்தும் வந்திருந்தால் பாதி வதந்திகள் முளைத்தே இருக்காது.

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கிக்கொண்டிருந்தபோது, முல்லைப் பெரியாறு அணை உடையப்போகிறது என்ற குரல் பதிவு வாட்ஸ்அப்பில் பரவி இரு மாநில மக்களையும் கலங்கடித்தது. 2016 ஏப்ரலில் ஜப்பானின் குமமோட்டோவில் நிலம் அதிர்ந்த இரவில், மிருகக்காட்சிசாலையிலிருந்து சிங்கம் தப்பி வந்துவிட்டதாக ஒருவர் படத்துடன் எழுதினார். தென்னாப்பிரிக்காவில் எடுக்கப்பட்ட படம் அது. சில மாதங்களில் அவர் கைது செய்யப்பட்டார்.

வதந்திக்குக் கைபேசி தேவையில்லை என்பதும் ஜப்பான் வரலாற்றில் இருக்கிறது. 1923 கான்டோ நிலநடுக்கத்துக்குப் பின், கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்று வாய்மொழியாகப் பரவிய பொய்யால் ஆயிரக்கணக்கான கொரியர்கள் கொல்லப்பட்டார்கள். அச்சத்தில் இருக்கும் கூட்டம் எளிதாக ஓர் எதிரியைத் தேடிக்கொள்கிறது. இன்று ஒரு வெள்ளத்துக்கோ அணை திறப்புக்கோ ஏதோ ஒரு சமூகத்தைக் குற்றம்சாட்டி வரும் செய்தியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

அண்மைக் காலத்தில் பொய்க்குப் பண ஆசையும் சேர்ந்துகொண்டது. எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டர், பார்வை எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் தரத் தொடங்கிய பிறகு, 2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் நிலம் அதிர்ந்தபோது, பிறர் எழுதிய மீட்புக் கோரிக்கைகளை நகலெடுத்துப் போடும் கணக்குகள் முளைத்தன. 2011 ஆழிப்பேரலையின் பழைய காணொளிகள் புதியவை போல் சுற்றின. போலிக் கோரிக்கை எழுதிய ஒருவரைக் காவல்துறை பின்னர் கைது செய்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் தென்கிழக்கை ஹெலன் புயல் தாக்கியபோது, படகில் நாய்க்குட்டியை அணைத்தபடி அழும் சிறுமியின் படம் பலரை உருக்கியது. அப்படி ஒரு சிறுமி இல்லை. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படம் அது. நிவாரண ஊழியர்களைப் பற்றிய பொய்களும் பரவி, மிரட்டல்கள் வந்ததால் வட கரோலினாவின் ஒரு பகுதியில் மத்திய பேரிடர் அமைப்பு களப்பணியைச் சில நாட்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது. பொய்க்கான விலையைக் கொடுத்தவர்கள் உதவிக்காகக் காத்திருந்த குடும்பங்கள்.

பொய்யைவிட எளிதில் கண்ணுக்குப் படாத குறை ஒன்று உண்டு. சமூக ஊடகத்தில் கேட்காத குரல்தான் அது. சாண்டி புயலின்போது ட்விட்டரில் 2 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் வந்தன. அவற்றில் மிகுதியானவை மன்ஹாட்டனிலிருந்து வந்தவை. மோசமாக அடிபட்ட ராக்கவே, கோனி ஐலண்ட் போன்ற கடலோரப் பகுதிகளிலிருந்து மிகக் குறைவு. அங்கே மின்சாரமும் இல்லை, கைபேசியில் சார்ஜும் இல்லை. பதிவுகளை மட்டும் எண்ணிப் பார்த்தவருக்கு மன்ஹாட்டன்தான் மையம் என்று தோன்றியிருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் கஜா புயலில் கிடைத்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் பல ஆண்டுகள் வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் நிறைந்த சென்னைக்கு மூன்றாண்டுகளுக்கு முன் எழுந்த குரல் காவிரி டெல்டாவுக்கு உடனே எழவில்லை. எழுத வேண்டியவர்களின் கைபேசிகள் அணைந்து கிடந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கியபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போயிருந்தவர்களின் கைக்கு எந்த ஃபார்வர்டும் போய்ச் சேர வழியில்லை. கைபேசி அலைவரிசை எட்டாத தூரம் அது. ஓர் இடத்திலிருந்து எந்தப் பதிவும் வரவில்லை என்றால் அங்கே எல்லாரும் நலமாக இருக்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. திடீரென்று மௌனமாகிவிட்ட பகுதிக்குத்தான் மீட்புக் குழு முதலில் போக வேண்டியிருக்கும்.

இந்தக் குரல்களை அரசு எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது. இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் 2014 இறுதியில் பெட்டாஜகார்த்தா என்ற திட்டம் தொடங்கியது. நகருக்குள் யாராவது வெள்ளம் என்று ட்விட்டரில் எழுதினால், அவர் இருக்கும் இடத்தையும் படத்தையும் அனுப்பும்படி தானியங்கிப் பதில் ஒன்று போகும். அவர் உறுதிசெய்தால் அந்தத் தெரு பொது வரைபடத்தில் ஏறும். நகரின் பேரிடர் மேலாண்மை அமைப்பும் அதே வரைபடத்தைப் பார்த்தது. கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது தன்னார்வ மென்பொருளாளர்களும் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து கேரளா ரெஸ்க்யூ என்ற இணையதளத்தை விரைவாக எழுப்பினார்கள். அதில் பதிவான கோரிக்கைகள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகளுக்குப் போயின. ஆனாலும் இணையதளம் யாரையும் தூக்கிக் கரை சேர்க்காது. கடற்கரையிலிருந்து லாரிகளில் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள்தான் பல்லாயிரம் பேரை மீட்டார்கள். தகவலும் படகும் சந்தித்த இடத்தில் உயிர்கள் பிழைத்தன.

எதிர்மாறாக நடந்ததும் உண்டு. 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியை இரண்டு பெரும் நிலநடுக்கங்கள் உலுக்கின. இடிபாடுகளுக்குள் சிக்கியவர்கள் அங்கிருந்தே கைபேசியில் முகவரி எழுதிக்கொண்டிருந்தார்கள். மென்பொருளாளர்கள் அவற்றைத் திரட்டி வரைபடமாக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் முடிந்து, ஒவ்வொரு மணியும் உயிராக இருந்த வேளையில் நாட்டில் ட்விட்டர் முடக்கப்பட்டது. மறுநாள்தான் திரும்பி வந்தது. பொய்ச் செய்தியைத் தடுக்க வேண்டும் என்பது நியாயமான கவலை. அதற்காக, உதவி கேட்பவரின் வாயையும் சேர்த்து மூடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இந்தியாவில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் 54ஆவது பிரிவு, பீதியைக் கிளப்பும் பொய்யான எச்சரிக்கையைப் பரப்புகிறவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. வாட்ஸ்அப் நிறுவனம் 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று 2020இல் அதை மேலும் இறுக்கியது. ஒரு குறிப்பிட்ட பகுதியிலுள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் உரத்த ஒலியோடு எச்சரிக்கை அனுப்பும் செல் ஒலிபரப்பு முறை 2023இல் நாடெங்கும் சோதித்துப் பார்க்கப்பட்டது. இதற்கு இணையம் வேண்டாம், நெரிசலிலும் சிக்காது. பேரிடர் எச்சரிக்கைக்கு வாட்ஸ்அப் குழுக்களை நம்பியிருக்கும் நிலையை மாற்றக்கூடியது இதுதான்.

தொலைவில் இருப்பவர்களின் கவலையையும் பேச வேண்டும். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது மனத்தை வதைக்கும். 2013இல் அமெரிக்காவின் பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த ஆய்வில், அடுத்த வாரம் முழுவதும் நாளுக்கு ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அது பற்றிய செய்திகளில் மூழ்கியிருந்தவர்களுக்கு, நேரடியாக அந்த இடத்தில் இருந்தவர்களைவிடவும் கூடுதலான மன அழுத்தம் தெரிந்தது. இன்னொன்று, கவலை ஒரே இடத்தில் குவிகிறது, விரைவில் வடிகிறது. முதல் வாரத்தில் பழைய துணி லாரி லாரியாக வந்து சாலையோரம் மக்கிப்போகிறது. நான்காவது வாரத்தில், வீட்டைக் கழுவிவிட்டு உள்ளே போகும் குடும்பத்துக்குப் பாயும் பாத்திரமும் பள்ளிப் புத்தகமும் தேவைப்படும்போது ஹேஷ்டேக் வேறொன்றுக்கு மாறியிருக்கிறது. உதவ நினைப்பவர் ஒரு மாதம் கழித்தும் அந்த ஊரைப் பற்றி விசாரித்தால் அது பெரிய உதவி.

உதவி கேட்டு எழுதும்போது முழு முகவரி, அடையாளமாக ஒரு கோயில் அல்லது பேருந்து நிறுத்தம், எத்தனை பேர், யாருக்காவது மருந்தோ சக்கர நாற்காலியோ தேவையா, எழுதும் தேதி, நேரம் இவை இருந்தால் போதும். தேதி இல்லாத கோரிக்கை ஆண்டுக்கணக்கில் சுற்றும். உதவி கிடைத்ததும் பதிவை நீக்கிவிட வேண்டும்; நீக்க முடியாவிட்டால் மீட்கப்பட்டார்கள் என்று அதிலேயே எழுத வேண்டும். பெண்களின் எண்ணையும் வீட்டு விவரத்தையும் பொதுவெளியில் போடுவதைவிட, விவரத்தை மீட்புக் குழுவிடம் நேரடியாகச் சேர்ப்பது பாதுகாப்பு. பகிர்பவர் அந்த எண்ணை ஒரு முறை அழைத்துப் பார்த்துவிட்டுப் பகிர்ந்தால் பாதிச் சிக்கல் தீரும். பதிவு எழுதுவது கட்டுப்பாட்டு அறையை அழைப்பதற்கு மாற்று ஆகாது. தமிழ்நாட்டில் மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, எல்லா அவசரத்துக்கும் பொதுவானது 112. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே இந்த மூன்றையும் வீட்டிலுள்ள எல்லாருடைய கைபேசியிலும், கைபேசி இல்லாத பெரியவர்களுக்குச் சுவரிலும் எழுதிவைத்துவிடுங்கள்.